ஓடாத வண்டிகளின் பேரவை

கண்ணாடிக்காரர் அந்தப் பழைய காரை விற்காமல் வைத்திருந்ததற்கு ஒரே காரணம், அதன் கதவு.

அக்கம்பக்கத்தில் வேறு காரணங்கள் பேசிக்கொண்டார்கள். பழசு மேல் பைத்தியம் என்றார் எதிர்வீட்டுக்காரர். பைத்தியமுமில்லை, வைத்தியமுமில்லை, வெறும் கஞ்சத்தனம் என்றாள் எதிர்வீட்டுக்காரரின் மனைவி. மூக்குக்கண்ணாடி விற்றே தலை நரைத்து, கடையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்த மனிதரின் காதில் இரண்டு பேச்சும் விழத்தான் செய்தன. ஆனால் மறுத்துப் பேசுகிற சுபாவம் அவருக்குக் கிடையாது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று காலமெல்லாம் கேட்டு, அவர்கள் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று சொல்லியே பழகிவிட்டார்.

விஷயம் கதவுதான். மற்ற கார்களில் முன்கதவின் கீல் முன்பக்கம் இருக்கும். இதில் பின்பக்கம். திறந்தால் அலமாரிக் கதவு மாதிரி விரிந்து நிற்கும். உள்ளே இருக்கையோ சாப்பாட்டு மேசை நாற்காலியின் உயரம். இடுப்பு மூட்டை மாற்றி அறுவை செய்துகொண்ட அவர் மனைவி, காருக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டால் போதும், ஏறியாகிவிட்டது. புதுக் கார்கள் எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன. ஒரே ஒரு தடவை வாடகைக் காரில் போனாள். ஏறுவது சுலபமாகத்தான் இருந்தது. இறக்குவதற்கு டிரைவர், காவலாளி, தெருவில் சும்மா போய்க்கொண்டிருந்த ஒருவர் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

"இனிமே எனக்கு நம்ம கார்தான்," என்றாள் அன்றைக்கு. "பீரோவை இறக்குற மாதிரி என்னை இறக்குறானுங்க. அந்த மூணாவது ஆள் 'பார்த்து, பார்த்து, செவுத்துல இடிக்கும்'னு சத்தம் வேற குடுக்குறான்."

அவளுக்கு வெளியே போக இருந்த இடமும் ஒன்றே ஒன்று. ஆற்றுக்கு அக்கரையில் அவளுடைய அக்கா இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட பள்ளித் தலைமையாசிரியை. பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்தாள். பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மா உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை போய் அக்காவுக்குத் தலை வாரிவிடுவாள், நகம் வெட்டிவிடுவாள், இரண்டு பேரும் ஏதாவது ஒன்றுக்குச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அக்காவின் நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தி வருவதாக நர்ஸம்மா சொல்லியிருந்தாள். சாயங்காலம் ஆனதும் "கிளம்பு, கிளம்பு, என் வீடு ஒண்ணும் ஆஸ்பத்திரி இல்ல" என்று அக்கா விரட்டிவிடுவாள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று தங்கை எத்தனையோ தரம் கேட்டாயிற்று. இரக்கப்பட்டுத் தங்குகிறவர்களை அக்கா வாசலோடு அனுப்பிவிடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அரசாங்கத்துக்குப் பழைய வண்டிகளைப் பற்றி ஞாபகம் வந்தது.

பழைய வண்டிகள் எல்லாம் உடைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. 'போற்றத் தக்கவை' என்று சான்று பெற்ற வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. அந்தச் சான்றைத் தரும் அதிகாரம் பழம்பெரும் ஊர்திகள் போற்றுதல் பேரவைக்கு. அதுநாள்வரை அந்தப் பேரவை என்பது, மாதம் ஒரு தடவை கூடி, டீ குடித்துக்கொண்டே கார் படங்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற சிலரின் பெயராக இருந்தது. அதிகாரம் வந்த மறுநாளே அவர்கள் கோட்டு தைக்கக் கொடுத்தார்கள்.

பேரவை அலுவலகத்தின் முன்கூடத்தில் பித்தளைத் தூண்களும் சிவப்புக் கயிறுமாகத் தடுத்து, நடுவில் கறுப்புக் கார் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடிக்காரர் கயிற்றுக்கு இப்பால் நின்று எட்டிப் பார்த்தார். முன்மூடி திறந்திருந்தது. உள்ளே இன்ஜின் இல்லை. அந்த இடத்தில் வெல்வெட் துணி விரித்திருந்தது.

"இன்ஜின் பழுது பார்க்கப் போயிருக்குங்களா?"

மேல்பையில் துடைக்கும் துணி செருகிய ஒல்லியான மனிதர் ஒருவர் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றார். அவர்தான் செயலாளர். "எடுத்துட்டோம். இன்ஜின் இருந்தா பார்க்கறவங்க கவனம் சிதறுது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க வண்டி... ஓடுதா?" என்றார்.

"நல்லா ஓடுதுங்க."

கெட்ட பழக்கத்தை ஒப்புக்கொண்ட நோயாளியைப் பார்க்கும் டாக்டரின் முகம் செயலாளருக்கு வந்தது. "எவ்வளவு நாளா?"

"வாங்கினதிலேர்ந்தே ஓடுதுங்க."

"பரவாயில்ல. முதல்ல எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. போகப் போக விட்டுடும்." அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். "உங்களுக்குப் போற்றத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன். வாரம் ஒருதரம் கழுவுவேன், ஆயில் பார்ப்பேன்..."

"அது பராமரிப்பு. நான் கேக்கறது போற்றுதல்."

வண்டிக்குச் சான்று வேண்டுமானால் உரிமையாளருக்குப் போற்றத் தெரிந்திருக்க வேண்டும், அதற்குப் பயிற்சி உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடிக்காரரும் இன்னும் சில உரிமையாளர்களும் ஒரு மண்டபத்தில் வரிசையாக நிற்க, போற்றுதல் பிரிவின் அதிகாரியம்மா செய்து காட்டினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். வண்டியை மெதுவாகச் சுற்றி வர வேண்டும். முன்விளக்கருகே நின்று தலையைச் சாய்க்க வேண்டும். பின் சக்கரத்தருகே ஒரு பெருமூச்சு. சுற்று முடிந்ததும் அடிவயிற்றிலிருந்து ஓர் "அடடா". வண்டியைத் தொடவே கூடாது. விலை கேட்கக் கூடாது. 'எத்தனை கிலோமீட்டர் குடுக்குது' என்று வாயெடுத்த ஒரு முதியவர் அங்கேயே வெளியேற்றப்பட்டார்.

கண்ணாடிக்காரரின் "அடடா" தொண்டையிலிருந்துதான் வருகிறது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அவர் வீட்டில் பயிற்சி செய்தார். கூடத்தில் சோபாவைக் காராக வைத்துக்கொண்டு, கை கட்டித் தலை சாய்த்துச் சுற்றிக்கொண்டிருந்த கணவனை மனைவி ஊன்றுகோலில் சாய்ந்தபடி பார்த்தாள்.

"ஏங்க, கல்யாணம் ஆன இத்தனை வருஷத்துல என்னை ஒருநாளாவது இப்படிச் சுத்தி வந்து பார்த்திருக்கீங்களா?"

அவர் நின்றார். யோசித்தார். பிறகு சோபாவை விட்டுவிட்டு மனைவியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கம்மலருகே தலையைச் சாய்த்தார். சுற்று முடிவில் வந்த "அடடா" எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"போதும் போதும். இதையே அங்க போய்ச் சொல்லுங்க, சான்று குடுத்துடுவாங்க," என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதெல்லாம் சிவந்திருந்தது.

அப்படியே ஆயிற்று. போற்றுதல் தேர்வில் கண்ணாடிக்காரர் தேறினார். அதன் பிறகு ஆய்வுக் குழு வீட்டுக்கு வந்தது.

பேரவையில் இரண்டு பிரிவுகள் உண்டு. சீரமைப்புப் பிரிவு, வண்டி தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்க வேண்டும் என்னும். போற்றுதல் பிரிவு, காலம் வண்டிக்குச் செய்த எதையும் தொடக் கூடாது என்னும். இரண்டு பிரிவுகளும் ஒரே மாடியில் இருந்தன. படிக்கட்டுகள் வேறு வேறு. கண்ணாடிக்காரர் வீட்டு வாசலில் இரண்டு பிரிவின் அதிகாரிகளும் காருக்கு இந்தப்பக்கம் ஒருவரும் அந்தப்பக்கம் ஒருவருமாக நின்றார்கள்.

"இந்தக் கீறலை உடனே எடுக்கணும்," என்றார் சீரமைப்பு அதிகாரி. அவர் ஒரு கையில் வண்ண அட்டைகள், மறு கையில் பூதக்கண்ணாடி.

"கைய வைச்சுப் பாருங்க," என்றார் போற்றுதல் அம்மா. "ஐயா, இது எந்தக் காலத்துக் கீறல்?"

"அதுங்களா... என் பொண்ணு மூணு சக்கர சைக்கிள் ஓட்டுன காலத்துதுங்க."

"கேட்டீங்களா! மூணு சக்கரக் காலம்!" அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "இதுக்கு மேல சாட்சி என்ன வேணும்?"

சீரமைப்பு அதிகாரி விடவில்லை. குனிந்து டயரில் காதை வைத்தார். "உள்ள இருக்கறது எந்த வருஷத்துக் காத்து?"

"போன வாரம் அடிச்சதுங்க."

முதல் தடவையாக இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பிரிவுக்கும் ஒரே வருத்தம்.

பிறகு போற்றுதல் அம்மா சன்னல் வழியாக மூக்கை மட்டும் உள்ளே விட்டு, கண்ணை மூடி முகர்ந்தார். "தோல் வாசனை இருக்கு. பெட்ரோல் இருக்கு. நடுவுல... ஏதோ மருந்து வாசனை."

"என் இடுப்புக்குத் தடவற தைலம்," என்றாள் வாசற்படியில் நின்ற மனைவி.

"எத்தனை வருஷமா தடவறீங்க?"

"ஆபரேஷனுக்கு அப்புறம்தான்."

"அப்ப அது பிற்சேர்க்கை," என்று சீரமைப்பு அதிகாரி குறித்துக்கொண்டார்.

வண்டியை எந்தப் பிரிவு எடுத்துக்கொள்வது என்று முடிவாகவில்லை. முடிவாகும்வரை வண்டி பேரவைக் கிடங்கில் இருக்கும் என்று செயலாளர் சொன்னார். லாரி ஒன்று வந்து, தானே ஓடிப் போகக்கூடிய காரைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்து வந்து போயின. கண்ணாடிக்காரர் சக்கர நாற்காலியை ஏற்றும் வேன் ஒன்றை விசாரித்தார். ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் வரும், அக்கா வீட்டுக்கெல்லாம் வராது என்றார்கள். மனைவி தொலைபேசியில் பேசினாள். அக்காவின் பேச்சை நேரில் பார்த்தால் புரிந்துகொள்ளலாம், கம்பி வழியாக வரும்போது எதுவும் பிடிபடவில்லை. "என்னக்கா? இன்னொரு தரம் சொல்லு" என்று இவள் கேட்க, திருப்பிச் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு அலுத்துவிட்டது. ஒரு கட்டத்துக்குப் பிறகு போனை வாங்கவே மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாளாம். நர்ஸம்மாதான் பேசினாள்.

"சரியா சாப்பிடறதில்லம்மா. ஞாயித்துக்கிழமையானா கட்டிலை வாசப்பக்கம் திருப்பச் சொல்லிக் கையக் காட்டுறாங்க. சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு, அப்புறம் திருப்பி வைக்கச் சொல்றாங்க. தலையை என்னைத் தொட விடமாட்டேங்கறாங்க. சிக்குப் பிடிச்சுக் கிடக்கு."

மனைவி போனை வைத்தாள். கண்ணாடிக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு பேரவைக்குப் போனார். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் போலவே, குழு கூடியிருக்கிறது என்றார்கள். அவர் இன்ஜின் இல்லாத காருக்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கை தானாகப் பின்னால் கட்டிக்கொண்டது.

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. இரண்டு பிரிவும் விட்டுக்கொடுத்ததாகச் செயலாளர் பெருமையோடு சொன்னார். ஓட்டுநர் உட்காரும் பக்கம் முழுவதும் சீரமைப்புப் பிரிவுக்கு, பக்கத்தில் உட்காருபவரின் பக்கம் முழுவதும் போற்றுதல் பிரிவுக்கு. நடுவில் நூல் பிடித்துக் கோடு போட்டிருந்தார்கள்.

சான்று வழங்கும் விழாவில் திரையை விலக்கியபோது கண்ணாடிக்காரர் தம் காரை அடையாளம் கண்டுகொள்ள முடியாமல் இரண்டு தடவை கண்ணைத் துடைத்தார். ஒரு பாதி கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதில் விளக்குகளும் கோட்டுகளும் தெரிந்தன. மறு பாதியில் இருந்த பெயிண்ட்டையும் உரித்து, போற்றுவதற்குப் போதிய துரு இல்லை என்று ஈரத்தில் வைத்துத் துரு ஏற்றியிருந்தார்கள். மகளின் கீறலைச் சுற்றிக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது.

தலைவர் பேச எழுந்தார். வட்டமான, நிதானமான மனிதர்.

"பேரவை பொறுப்பேற்ற பிறகு இந்த நகரத்தில் பழைய வண்டி ஒன்றுகூட விபத்தில் சிக்கவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்," என்று தொடங்கினார். "காரணம், ஒன்றுகூட ஓடவில்லை. வண்டி என்றால் எங்காவது போவதற்கு என்றொரு மூடநம்பிக்கை மக்களிடம் இருக்கிறது. எங்கே போக வேண்டும்? ஏன் போக வேண்டும்? போனவர்கள் என்னத்தைக் கண்டார்கள்? நண்பர்களே, மனம் திறந்து சொல்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு வண்டியில் ஏறினால் குமட்டும். தெருமுனை தாண்டாது. ஓடுகிற வண்டிகளின் மேல் எனக்கிருந்த அந்தத் தீராத வெறுப்புதான் என்னை இந்தப் பதவியில் கொண்டுவந்து உட்கார வைத்தது."

கைதட்டல் எழுந்தது. அவர் கையமர்த்தினார்.

"வண்டியின் முதல் எதிரி யார்? துருவா? இல்லை. மழையா? இல்லை. உரிமையாளர்! அவன் தினமும் கதவைத் திறக்கிறான். திறந்து மூடுகிறான். மறுபடியும் திறக்கிறான். அவனிடமிருந்து வண்டியைக் காப்பாற்றத்தான் நாங்கள் இருக்கிறோம். நாங்கள் இல்லாவிட்டால் இந்த வண்டிகளை யாராவது உபயோகித்துவிடுவார்கள்."

சான்று கைக்கு வந்தது. ஓடத் தகுதியுள்ளது என்றிருந்தது. கண்ணாடிக்காரர் மூச்சு விடுவதற்குள் செயலாளர் நிபந்தனைகளைப் படித்தார். வண்டியை ஓட்டக் கூடாது. உரிமையாளர் தம் பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும். போற்றுதல் பிரிவுக்குச் சேர்ந்த பக்கக் கதவைத் திறக்கக் கூடாது. கீலில் இருப்பது அந்தக் காலத்துத் தூசி.

அது மனைவி ஏறுகிற கதவு.

"அப்ப சான்று எதுக்குங்க?" கண்ணாடிக்காரரின் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"ஓடலாம்னு சான்று. ஓடக்கூடாதுன்னு நிபந்தனை," என்றார் செயலாளர், குழந்தைக்கு விளக்குவதுபோல. "ரெண்டும் வேற வேற பிரிவு."

கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். அடுத்த நாள் லாரி காரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிற்று. கூடவே செயலாளரும் வந்தார், கதவுக்கு அரக்கு முத்திரை வைக்க. மனைவி அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள். வேலையில் இருந்த காலத்தில் அவள் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். ஒரு வழி அடைத்திருந்தால் இன்னொரு வழியாகச் செருகிப் பார்ப்பது கைப்பழக்கம்.

"சார், ஒரு சந்தேகம். இந்த வண்டி எந்தக் காலத்துலயும் நகரவே கூடாதா?"

"கூடாதும்மா."

"தீப்பிடிச்சா?"

"தீயைத்தான் நகர்த்தணும்."

"தலைவரே வந்து நகர்த்தச் சொன்னா?"

செயலாளர் அரக்கை உருக்குவதை நிறுத்தினார். "அது... பவனின்னா நகரலாம். விதியில இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"பவனிக்கு என்ன வேணும்?"

"சிறப்பு விருந்தினர் வேணும். கொடி வேணும். நடக்கற வேகத்துல போகணும். சேர்ற இடத்துல வண்டியைப் பார்க்கறதுக்குன்னே ஒருத்தராவது காத்துட்டிருக்கணும்."

"உக்காந்துதான் பார்க்கணுமா? படுத்துட்டுப் பார்த்தா செல்லாதா?"

செயலாளர் வெகுநேரம் யோசித்தார். "படுக்கக்கூடாதுன்னு விதி இல்ல."

"அந்தக் கதவு?"

"சிறப்பு விருந்தினர் நாடா வெட்டித் திறக்கலாம். நாடா வெட்டித் திறந்தா அது திறப்பு இல்ல, திறப்பு விழா."

"அப்ப சிறப்பு விருந்தினர் உங்க தலைவர்தான்," என்றாள் மனைவி. "அவரை விட்டா யார் இருக்கா?"

தலைவர் சம்மதித்தார். அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தவர்கள் அதற்கு முன் யாருமில்லை.

பவனி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டது. தலைவர் நாடா வெட்டினார். கதவு பின்னோக்கி விரிந்தது. மனைவி காருக்கு முதுகைக் காட்டி, உட்கார்ந்து, காலைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடி இருக்கையில் சாய்ந்தாள். போற்றுதல் அம்மா விரல் நுனியால் கதவை மூடினார். கண்ணாடிக்காரர் வண்டியை ஓட்ட, முன்னால் செயலாளர் கொடி பிடித்து நடந்தார். இரண்டு பிரிவினரும் தத்தம் பக்கத்தில் நடந்தார்கள். பளபளக்கும் பக்கத்தில் நடந்தவர்களுக்கு வெயில் கண்ணில் அடித்தது, துருப்பக்கத்தில் நடந்தவர்களின் கோட்டில் செம்மண் நிறம் ஒட்டிக்கொண்டது. தலைவர் வாடகைக்கு எடுத்த புதுக் காரில் பின்னால் வந்தார். தெருமுனையில் ஒருதரம், பாலத்தில் ஒருதரம் என்று நிறுத்தி இறங்கி, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதெல்லாம் பவனி மொத்தமும் நின்றது. ஒரு நாய் கொஞ்சதூரம் காரை முந்திப் போய், திரும்பிப் பார்த்து, அலுத்துப்போய் வேறு தெருவில் திரும்பிவிட்டது.

"இந்த வேகத்துல நான் ஆபரேஷன் இடுப்போட நடந்தே போயிருப்பேன்," என்றாள் மனைவி.

"போயிருக்கலாம்தான்," என்றார் கண்ணாடிக்காரர். இத்தனை மாதங்களில் அவருக்குச் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

அக்கரை வீட்டை அடைந்தபோது மதியம் தாண்டிவிட்டது. தெருவைப் பார்த்த சன்னலோரம் கட்டில் திருப்பிப் போட்டிருந்தது. நர்ஸம்மா அக்காவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார்த்தியிருந்தாள். தலைமுடி காக்கைக் கூடாகக் கிடந்தது. பாதி முகம் தொங்கியிருந்தது, மறு பாதியில் கண் விழித்திருந்தது.

தலைவர் சன்னலுக்கு முன் நின்று தொண்டையைச் செருமினார். "பார்வையாளப் பெருமக்களே..."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. காரின் பளபளத்த பக்கத்தைப் பார்த்தாள். நர்ஸம்மாவிடம் கையைக் காட்டி, காரைத் திருப்பச் சொன்னாள். அதிகாரிகள் தள்ளித் தள்ளித் திருப்பினார்கள். துருப்பிடித்த பக்கத்தையும் பார்த்தாள். நல்ல பக்கத்து உதடு நெளிந்தது. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்து வைத்தாள்.

"ஏண்டி... என்னைக் கிண்டல் பண்ணவா... இப்படிச் செஞ்சு எடுத்துட்டு வந்த?"

மனைவி காரிலிருந்தபடியே சிரித்தாள். சிரிப்பு முடியும்போது அழுகையாகிவிட்டது. கதவைத் திறக்கத் தலைவர் இன்னொரு நாடா தேடினார். இல்லை. நர்ஸம்மா கொடுத்த பேண்டேஜ் துணியைக் கட்டி வெட்டினார்கள்.

சீப்பு, தண்ணீர், சண்டை என்று சாயங்காலம் ஆயிற்று. "எத்தனை வாரம்! ஒரு போன்ல ஒழுங்காப் பேசத் தெரியல உனக்கு!" என்று அக்கா திட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமான நேரத்துக்கு "கிளம்பு" என்றாள். கண்ணாடிக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். செயலாளர் கதவுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

"திரும்பிப் போகணுமே, சார்."

"எங்க?"

"வீட்டுக்குத்தான்."

செயலாளருக்கு அந்தப் பேச்சே விளங்கவில்லை. "பவனின்னா கிளம்பற இடம் இருக்கு, சேர்ற இடம் இருக்கு. சேர்ந்தாச்சு. திரும்பறதுன்னு ஒண்ணு விதியில இல்ல. வேணும்னா அது தனிப் பவனி. அங்க பார்வையாளர் காத்துட்டிருக்கணும். உங்க வீட்ல யாரும் இல்லையே!"

கண்ணாடிக்காரர் உள்ளே போய்ச் சொன்னார். மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்கா சன்னல் வழியாகக் காரைப் பார்த்தாள்.

"வண்டியைப் போட்டுட்டுப் போக... முடியாதாமா?"

"முடியாதாம்க்கா. அவர் பார்வையிலயே இருக்கணுமாம். எனக்கோ வேற வண்டி ஆகாது. விதி."

இரக்கத்தை வாசலோடு அனுப்பிவிடும் அந்தத் தலைமையாசிரியை, வாழ்க்கையில் எந்த விதியையும் மீறியதில்லை. மற்றவர்களையும் மீற விட்டதில்லை.

"விதின்னா... என்ன பண்றது," என்றாள். "மாப்பிள்ளைக்குக் கூடத்துல படுக்கை போடு."

கூடத்து சோபா குட்டை. கண்ணாடிக்காரரின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது. மகள் கடையைப் பூட்டிவிட்டு மாற்றுத்துணி கொண்டுவந்து கொடுத்துப் போனாள். அவர் எழுந்து பல்துலக்கும்போதே உள்ளறையில் முதல் சண்டை தொடங்கியிருக்கும். சீப்பு எந்தப் பக்கமிருந்து வார வேண்டும் என்பது தொடர்பாக. அக்காவின் சொற்களுக்கிடையே இருந்த இடைவெளி நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. வாக்கியங்களின் காரம் கூடிக்கொண்டே வந்தது. தட்டில் போட்டதெல்லாம் உள்ளே போயிற்று.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் செயலாளர் மூச்சிரைக்க வந்தார். முகமெல்லாம் வெற்றி.

"ஐயா, நல்ல செய்தி! திரும்பற பவனிக்கு அனுமதி ஆயிடுச்சு! எதிர்வீட்டுக்காரர் பார்வையாளரா இருக்கச் சம்மதிச்சுட்டார். நாளைக்கே கிளம்பிடலாம்!"

உள்ளறையில் சண்டை சட்டென்று நின்றது. சீப்பு பாதித் தலையில் நிற்பது கண்ணாடிக்காரருக்கு இங்கிருந்தே தெரிந்தது.

அவர் பிடித்துக்கொண்டிருந்த கழுத்தைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்தார். யாருக்கும் எதற்கும் மறுப்புச் சொல்லிப் பழக்கமில்லாததால், எப்படித் தொடங்குவது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

"நாளைக்கு முடியாதுங்க," என்றார்.

"ஏன்யா?"

"மழைல நின்னுச்சுல்ல, துரு கூடிப்போச்சு. சான்று குடுத்தப்ப இருந்த துரு வேற, இப்ப இருக்கற துரு வேற. பளபளப்பும் மங்கியிருக்கு. அந்தப் பக்கத்துத் துரு கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கற மாதிரி எனக்குப் படுது. அது யாரோட துரு? இதையெல்லாம் பார்க்காம நகர்த்திட்டா நாளைக்குப் பேரவை பேர்தானே கெடும்?"

செயலாளர் குனிந்து கோட்டைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் பிரகாசித்தன. ஓர் உரிமையாளர் கடைசியில் தேறிவிட்டதைக் கண்ட ஆனந்தம் அது.

"எல்லைத் தகராறு," என்றார் மெல்ல. "ரெண்டு பிரிவும் உக்காந்து பேசணும். இதுக்குத் துணைக்குழுவே போடணும்ங்க."

"போடுங்க," என்றார் கண்ணாடிக்காரர். "நிதானமாப் போடுங்க. அவசரமே இல்ல."

உள்ளே சீப்பு மறுபடி நகர்ந்தது. "எங்க பார்த்துட்டு வாரறே? வலிக்குதுடி!" என்ற அக்காவின் குரல் தெருவரைக்கும் தெளிவாகக் கேட்டது.